திதி வெண்பாவும் பிண இலக்கமும்

ஈழத்தின் வடபுலத்துச் சைவத் தமிழரிடையே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் நிகழும் அந்தியேட்டிக் கிரியையின்போது, வந்திருக்கும் உறவினருக்கும் அயலவருக்கும் ஒரு சிறு நூல் வழங்கப்படுவது நெடுநாள் வழக்கமாகும். ஊரவர் அதனைக் ‘கல்வெட்டு’ என்பர். அச்சில் அது ‘நினைவு மலர்’ எனப் பெயர் பெறும். அதிலுள்ள செய்யுட்களைப் புலமை மரபு ‘சரமகவி’ எனக் குறிக்கும். சரமம் என்ற வடசொல்லுக்கு இறுதி என்பது பொருளாதலால், ஒருவரைப் பற்றிப் பாடப்படும் இறுதிப் பாட்டு சரமகவி ஆயிற்று. கவிஞர் பா. அகிலன் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியின் பெயர் ‘சரமகவிகள்’. அதில் தமிழ் வாக்கியம் ஏன் முறிந்து கிடக்கிறது, தாளின் வெற்றிடம் ஏன் அத்தனை பெரிதாக இருக்கிறது என்று கேட்பவருக்கு மேலைநாட்டு நவீனத்துவத்தைச் சுட்டி விடை சொல்வது எளிது. எனினும் அக்கவிதைகளின் வடிவத்துக்கு மிக அண்மையில் இருக்கும் மூலம் அந்தியேட்டிப் பந்தலில் கைமாறும் அந்தச் சிறு நூலே ஆகும்.

கல்வெட்டின் அமைப்பு பெரும்பாலும் மாறாதது. முகப்பிலோ முதற் பக்கத்திலோ இறந்தவரின் படமும், தோற்றம், மறைவு என்ற இரு தலைப்புகளின் கீழ் பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கும். அடுத்து விநாயகர் வணக்கம். அதன்பின் திதி வெண்பா. பின்னர் ஊர்ச் சிறப்பு, குடிச் சிறப்பு, கல்வி, தொழில், இல்லறம், மக்கட்பேறு என வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் விருத்தங்கள். அவற்றைத் தொடர்ந்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என உறவுமுறை வரிசைப்படி அமைந்த பகுதிகள். முடிவில் தேவார, திருவாசகப் பாடல்களும் வம்சாவழி விளக்கப்படமும் நன்றி நவிலலும் வரும். இவற்றைப் பாடித் தருபவர் பெரும்பாலும் ஊரிலுள்ள புலவராகவோ ஓய்வுபெற்ற தமிழாசிரியராகவோ இருப்பார். புலம்புபவரின் குரலில் நின்று புலவர் பாடுவதால், ஒரே கை எழுதிய நூலில் ஐந்தாறு குரல்கள் ஒலிக்கும். இலக்கியத் தரம் பற்றி அங்கு எவரும் கேட்பதில்லை, யாருடைய பெயர் விடுபட்டது என்பதே கேள்வியாகும்.

இவற்றுள் திதி வெண்பாவே கல்வெட்டின் அச்சாணி. திதி என்பது அமாவாசையிலிருந்து பூரணை வரையும் மீண்டும் அமாவாசை வரையும் எண்ணப்படும் நிலவு நாள். ஆண்டுதோறும் திவசம் கொடுப்பதற்கு ஆங்கிலத் திகதி பயன்படாது. மாதமும் பக்கமும் திதியும் தெரிய வேண்டும். ஆகவே அறுபதாண்டு வட்டத்தில் ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்ற விபரம், திதி, இறந்தவரின் பெயர், அவர் அடைந்ததாகக் கருதப்படும் சிவபதம் ஆகிய யாவும் நான்கே அடிகளில் அடக்கப்பட்டன. வெண்பா இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமை தற்செயலன்று. சீருக்குச் சீர் தளை இறுகி நிற்கும் அந்த யாப்பில் ஒரு சொல்லை மாற்றினால் ஓசை தட்டும். எனவே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திதியைப் பிழையாக மனனம் செய்ய இடமில்லை. நினைவுக்காக மட்டுமன்றி, கணக்குக்காகவும் எழுந்த கவிதை இது. இறப்பைச் சொல்லும் இந்தச் செய்யுளின் கடைசிச் சீரும், மற்றெல்லா வெண்பாக்களிலும் போலவே, நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றால்தான் முடிய வேண்டும் என்பதை யாப்பிலக்கணத்தின் சிறு குறும்பாகவே கொள்ளலாம்.

கல்வெட்டு என்ற பெயர் தாளில் அச்சிட்ட நூலுக்கு ஏற்பட்டதற்கு நடுகல் மரபு பின்னணியாக இருக்கலாம். வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறிக்கும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் அறியும். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளை வகுக்கிறது. இறந்தவரை எண்ணிப் புலவரோ சுற்றத்தாரோ செயலற்று நின்று பாடுவதற்குக் கையறுநிலை என்று பெயர். புறநானூற்றில் பாரியின் மகளிர் பாடியதும், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லைக் கொடியை நோக்கிப் பாடியதும் இத்துறையைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது இம்மரபு சரமகவி என்ற பெயரில் தாளுக்கு வந்தது. 1879 டிசம்பரில் ஆறுமுக நாவலர் மறைந்ததும் அவரைப் பாடியவர்களுள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஒருவர். அறிஞர்க்கு அறிஞர் பாடிய இச்செய்யுள் வகை, அச்சுச் செலவு குறையக் குறைய, கமக்காரர், கடைக்காரர், ஆசிரியர், இல்லத்தரசி என யாவர்க்கும் உரியதாயிற்று. சரமகவியின் வரலாற்றில் இதுவே பெரிய மாற்றம். புகழ் பெற்றவரின் உரிமையாக இருந்த செய்யுளைச் சாதாரண மனிதரும் இறந்தபின் பெற்றனர்.

அச்சு இன்னொன்றையும் செய்தது. பனையோலையில் எழுதியோர் அடிக்கு அடி வரியை முறிக்கவில்லை. ஓலையின் நீளம் முடியும் வரை எழுத்துத் தொடர்ந்து ஓடியது. சொற்களுக்கிடையே இடைவெளியில்லை, புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. செவியே அடியைப் பிரித்தது. அச்சுத் தாளில்தான் வெண்பாவின் நான்கு அடிகளும் கண்ணுக்கு நான்கு வரிகளாயின. இரண்டாம் அடியின் தனிச்சொல் ஒரு கோட்டுக்கு அப்பால் தனித்து நின்றது. பாட்டைச் சுற்றி வெள்ளை வெளி தோன்றியது. தமிழில் கவிதையின் காட்சி வடிவம் என்றவுடன் நாகபந்தம், இரதபந்தம் முதலிய சித்திரகவிகளையே நினைப்பது வழக்கம். தண்டியலங்காரம் கோமூத்திரி, மாலைமாற்று, சுழிகுளம், சக்கரம், காதை கரப்பு எனப் பன்னிரண்டு வகைகளைச் சொல்கிறது. பரிதிமாற் கலைஞர் சித்திரகவிக்குத் தனி விளக்க நூலே எழுதினார். பாம்பு வடிவக் கட்டங்களுக்குள் எழுத்துகளை அமைத்து, ஒரே எழுத்து இரு பாட்டுகளுக்கும் பொருந்துமாறு பின்னுவது பெருந்திறமைதான். ஆனால் அங்கு ஒரு கட்டமும் வெறுமையாக இருக்க முடியாது. நிரப்புவதிலேயே அதன் வெற்றி இருக்கிறது. வெறுமையையே பொருளாக்கும் காட்சி வடிவத்துக்குச் சித்திரகவி வழிகாட்டவில்லை. அதற்கு அச்சுத் தாளின் ஓரமும் இடைவெளியும் தேவைப்பட்டன.

கல்வெட்டுக்கு உடன்பிறப்பான இன்னொரு வடிவம் மரண அறிவித்தல். செய்தித்தாளிலும், இலங்கை வானொலியில் நாள்தோறும் வாசிக்கப்பட்ட அறிவித்தல்களிலும், தெருமுனைச் சுவரொட்டியிலும் இதன் வாக்கியம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளன்று காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னின்னாரின் அன்புத் தந்தையும், இன்னின்னாரின் மாமனாரும் ஆவார். ஊர்ப் பெயர்களும் உறவுப் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்து வந்து கடைசியில் ஒரே முற்றுவினையில் இறங்கும் இவ்வாக்கியம், தமிழ்த் தொடரமைப்பின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவது. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். அதற்கு முன் எத்தனை எச்சங்களையும் பெயர்களையும் அடுக்கலாம். முற்று வந்த பின்னரே வாக்கியத்தின் பாரம் இறங்கும். மனிதர் ஒருவர் ஊராலும் உறவாலும் ஆனவர் என்ற நம்பிக்கையை இலக்கணமே தாங்கிநிற்கும் வாக்கியம் அது.

இத்தகைய வாக்கியங்களில் அடிக்கடி இடம்பெற்ற வன்னி ஊர்ப் பெயர்களுள் முரசுமோட்டையும் ஒன்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில், இன்றைய கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களோடு அமைந்த கிராமம் அது. மோட்டை என்பது சிறிய நீர்நிலையைக் குறிக்கும் வன்னி வழக்கு. குளம், மடு, மோட்டை, ஆறு என நீரின் அளவையும் இயல்பையும் கொண்டே வன்னியின் ஊர்ப்பெயர்களுள் பெரும்பகுதி அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதையும் அதன்பின் வந்த குடியேற்றத் திட்டங்களையும் தொடர்ந்து, குடாநாட்டிலிருந்தும் தீவுப் பகுதிகளிலிருந்தும் நெல் விளைவிக்க வந்த குடும்பங்கள் பரந்தன், கிளிநொச்சிச் சுற்றுவட்டத்தில் நிலைகொண்டன. பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் வேறொன்று என்ற மரண அறிவித்தலின் இரட்டை வாய்பாடு இக்குடியேற்ற ஊர்களுக்கு அளந்து தைத்த சட்டைபோலப் பொருந்தியது. தீவொன்றைப் பிறப்பிடமாகவும் முரசுமோட்டையை வதிவிடமாகவும் கொண்டவரின் கல்வெட்டில் ஊர்ச் சிறப்பு இரண்டு விருத்தங்களாக வரும். முதலாவதில் கடலும் பனையும், இரண்டாவதில் வாய்க்காலும் வயலும் பாடப்படும். 1980களுக்குப் பின் மூன்றாவது ஊரும் சேர்ந்தது. அது கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருந்தது.

வந்தவர்கள் கல்வெட்டைக் கொண்டுவந்தார்கள் என்றால், வன்னியில் முன்பே இருந்தது ஒப்பாரி. யானை பிடிக்கும் பணிக்கர் குடியைச் சேர்ந்த வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆடவரும் அஞ்சிய யானையைக் கட்டியதையும் பின் இறந்துபட்டதையும் சொல்லும் ஒப்பாரி முல்லைத்தீவுப் பகுதியில் வழங்கியது. அருவி வெட்டுப் பாட்டும் பள்ளும் வழங்கிய அதே வாய்களில் இதுவும் வழங்கியது. ஒப்பாரியில் யாப்பின் இறுக்கம் இல்லை. விளியும் மறுவிளியும் உண்டு. அழுகை மூச்சை முறிக்கும் இடத்தில் வரியும் முறியும். வாக்கியம் முற்றுப்பெறாமலே அடுத்த விளிக்குத் தாவும். எழுதப்பட்ட சரமகவி முற்றுவினையின் கலை என்றால், பாடப்பட்ட ஒப்பாரி எச்சத்தின் கலை. கல்வெட்டுப் புலவர்கள் ஒப்பாரியின் விளிகளைப் புலம்பல் பகுதிக்குள் எடுத்துக்கொண்டாலும், அதன் மூச்சுமுறிவை விருத்தத்தின் சந்தத்தால் சமன்படுத்திவிட்டனர். அந்த முறிவு தாளுக்கு வருவதற்கு நவீன கவிதை வரவேண்டியிருந்தது.

அதற்கான வழியை ஈழத்தில் முதலில் திறந்தவர் அளவெட்டியில் பிறந்த மஹாகவி என்னும் து. உருத்திரமூர்த்தி (1927-1971). அவர் யாப்பைக் கைவிடவில்லை. வெண்பாவையும் விருத்தத்தையும் கட்டளைக் கலித்துறையையும் வைத்துக்கொண்டே, அச்சில் வரிகளைச் சீர்க்கணக்குப்படி அமைக்காமல் பேச்சின் நிறுத்தங்களுக்கேற்ப உடைத்து அடுக்கினார். கண்ணுக்கு உரையாடலாகத் தெரியும் பகுதியைச் செவி கொடுத்துப் படித்தால் பழைய யாப்பு உள்ளே நடந்துகொண்டிருக்கும். தாளில் வரி எங்கே முறிகிறது என்பதைப் பொருளின் கருவியாக்கிய இந்த உத்தி, பின்வந்த ஈழத்துப் புதுக்கவிதைக்குச் செவிப்பயிற்சி அளித்தது. தமிழகத்தில் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் (1959-1970) வளர்த்த புதுக்கவிதைக்கு ஈழம் அளித்த பெரும் பங்கு திருகோணமலையில் பிறந்த பிரமிள். எனினும் போர்க்காலக் கவிதைகளின் தொடரமைப்பில் படிமச் செறிவைக் காட்டிலும் பேச்சின் நிறுத்தமே ஓங்கி நிற்பதைப் பார்க்கையில் மஹாகவி வழியின் ஆழம் புரியும். 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பை ஒரே மூச்சில் படிப்பவர் இதனை எளிதில் உணர்வர்.

அகிலன் இந்த வழியில் வந்தவர். 1970இல் பிறந்த அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். ஓவியம், சிற்பம், அரங்கு ஆகியவை பற்றி எழுதிவருபவர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது முதல் தொகுதியான ‘பதுங்குகுழி நாட்கள்’ ஏற்கெனவே சொற்சிக்கனத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. பார்வைக் கலையைப் பயின்ற கண் தாளைச் சட்டகமாகக் காண்பது இயல்பே. ஆயினும் முதல் தொகுதிக்கும் இரண்டாவதற்கும் இடையில் நிகழ்ந்த மாற்றத்துக்கு அழகியல் மட்டும் காரணமில்லை. இடையில் 2009 இருந்தது.

அவ்வாண்டின் முதல் நாட்களில் பரந்தனும் கிளிநொச்சி நகரும் இராணுவத்தின் வசமானபோது, மக்கள் ஏ-35 வீதி வழியே கிழக்கு நோக்கி நகர்ந்தனர். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என வீதியின் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்க, இறுதியில் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடற்கரையில் அவர்கள் அடைபட்டனர். புதுமாத்தளனில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையிலிருந்து காயப்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்பாடு செய்த கப்பல் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. மே 18, 19ஆம் நாட்களோடு போர் முடிந்தது. இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறியது. தமிழ்க் கணக்கில் அக்காலம் சர்வதாரி ஆண்டு மார்கழியில் தொடங்கி விரோதி ஆண்டு வைகாசியின் அபரபக்கத்தில் முடிகிறது. ஒருவரது திதி வெண்பாவுக்கு வேண்டிய சொற்களில் ஆண்டுப் பெயர் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது. மாதம் சிலருக்குத் தெரிந்தது. பக்கமும் திதியும் பெருந்தொகையானோருக்குத் தெரியாமற் போயின. வம்சாவழி வரைவதற்கு எஞ்சியிருக்க வேண்டியவர்களும் பல குடும்பங்களில் இல்லை. எரிக்க நேரமில்லை, காடாற்ற நிலமில்லை, முப்பத்தோராம் நாளை எண்ணத் தொடக்க நாள் இல்லை.

கல்வெட்டின் பகுதிகள் யாவும் நிரப்பப்படுவதற்காகவே ஏற்பட்டவை. அவற்றை நிரப்ப ஒன்றும் இல்லாதபோது அவ்வடிவம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அகிலனின் தொகுதி விடையாக நிற்கிறது. அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இலக்கம் இருக்கிறது. வைத்தியசாலைப் பதிவேட்டில் அடையாளம் காணப்படாத சடலத்துக்கு இடப்படும் எண்ணே கவிதையின் தலைப்பாகிறது. தாயின் பிணத்துக்கு ஓர் இலக்கமும் சிசுவுக்கு ஓர் இலக்கமும் இட்டு, இரண்டையும் ஒரே தலைப்பில் இணைத்திருக்கும் கவிதை இத்தொகுதியில் மிகவும் அறியப்பட்டது. கல்வெட்டின் முறைப்படி அந்தத் தலைப்பில் இருவர் பெயரும், ஒருவருக்கு ஒருவர் இன்ன உறவு என்ற சொல்லும் வந்திருக்கும். இங்கு இரண்டு வெவ்வேறு எண் வரிசைகள் மட்டுமே உள்ளன. பிணங்களின் வரிசை நூற்றைத் தாண்டிவிட்டது, சிசுக்களின் வரிசை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. உறவைச் சொல்லும் பொறுப்பு முழுவதையும் இரு எண்களையும் இணைக்கும் ஒரு குறி ஏற்றுக்கொள்கிறது. மரண அறிவித்தலில் உம்மைத் தொடராக நீளும் மகனும், கணவரும், தந்தையும் என்ற அடுக்கு இங்கு அந்த ஒற்றைக் குறியாகச் சுருங்கிவிட்டது எனலாம்.

தொடரமைப்பிலும் இதுவே நிகழ்கிறது. இக்கவிதைகளில் வரிகள் சிறியவை. பல வரிகள் வினையை வேண்டாமல் பெயர்ச்சொற்களாலேயே நிற்கின்றன. வாக்கியங்கள் முற்றை நோக்கிச் செல்லும் வழியில் நின்றுவிடுகின்றன. தமிழ் இலக்கணத்தில் முடிவு பெறாத சொல்லுக்கு எச்சம் என்று பெயர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயல் எச்சவியல். எஞ்சி நிற்பது, மீதியாய் இருப்பது, விட்டுச் செல்லப்பட்டது, இறந்தவரின் உடற்பகுதி, அவர் பெற்ற பிள்ளை ஆகிய யாவற்றுக்கும் அதே சொல்தான். எனவே எச்சத்தில் நின்றுவிடும் வாக்கியத்தைத் தமிழ்ச் செவி வெறும் முறிவாகக் கேட்பதில்லை. வரவேண்டிய வினையையும் எழுவாயையும் தேடுகிறது. முற்றுவினையில் திணையும் பாலும் எண்ணும் இடமும் அடங்கியிருப்பதால், இறந்தவர் உயர்திணையா அஃறிணையா என்பதைச் சொல்லாமல் தமிழில் ஒரு வினையை முடிப்பது அரிது. உருச்சிதைந்த உடலுக்கு முன் நிற்பவர் எந்த விகுதியைப் போடுவார்? வினையைத் தவிர்ப்பதே அங்கு நேர்மையான ஒரே இலக்கணமாகிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வாக்கியத்தை முறிப்பது சொல்வரிசையைக் குலைப்பதாகும். தமிழில் அது மனிதரின் திணையையே நிறுத்திவைப்பதாகும்.

பேசுபவர் யார் என்பதும் மாறியிருக்கிறது. கல்வெட்டில் மனைவியாகவும் மகனாகவும் நின்று புலவர் புலம்புவார். இலக்கமிட்ட கவிதைகளில் பேசும் குரல் உறவினருடையதன்று, உடலைப் பார்ப்பவரும் பதிபவரும் நிற்கும் தொலைவிலிருந்து வருவது. புலம்பலுக்கு உரிமையற்றவர் புலம்ப வேண்டிய நிலை அது. எனவே விளி இல்லை. விளிக்கப் பெயர் வேண்டும். கல்வெட்டில் தனிச்சொல்லைச் சுற்றியிருந்த சிறு இடைவெளி இங்கு பக்கத்தின் பெரும்பகுதியாக விரிகிறது. சொற்களைத் தொடர்ந்து வரும் வெள்ளைத் தாளை மௌனம் என்று சொல்லிவிடுவது விமரிசன வழக்கு. அச்சொல் இங்குப் போதாது. கல்வெட்டைக் கையில் எடுத்துப் பழகிய வாசகருக்கு அது விருத்தங்கள் இருந்திருக்க வேண்டிய இடமாகவே தெரியும்.

உலகக் கவிதை வரலாற்றிலிருந்து ஒப்பிட வேண்டுமானால் அடிக்கடி சொல்லப்படும் ஈ. ஈ. கம்மிங்ஸைவிடப் பொருத்தமானவர்கள் இருவர் உளர். எழுத்துகளைச் சிதறடித்தும் அடைப்புக்குறிகளை இடைச்செருகியும் வாசிப்பை விளையாட்டாக்கிய கம்மிங்ஸின் முறையில் கவிஞரின் கை எப்போதும் தெரியும். பிரெஞ்சுக் கவிஞர் ஸ்தெஃபான் மலார்மே, 1897இல் சொற்களைத் தாளெங்கும் பரப்பிய நெடுங்கவிதையால் காட்சி வடிவத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர். நாவலர் மறைந்த அதே 1879இல் அவரது எட்டு வயது மகன் அனத்தோல் இறந்தான். மகனுக்காக அவர் எழுத முனைந்த கவிதை முடியவேயில்லை, வினையற்ற சொற்களும் கோடுகளுமாகத் துண்டுத்தாள்களில் எஞ்சி 1961இல்தான் அச்சேறியது. கலையால் வாக்கியத்தை முறித்தவர் துயரத்தில் வாக்கியத்தை முடிக்க இயலாமற் போனார். அமெரிக்கக் கவிஞர் சார்ல்ஸ் ரெஸ்னிகோஃப் 1975இல் வெளியிட்ட நூலில், யூத இன அழிப்புக் குற்ற வழக்குகளின் நீதிமன்றப் பதிவுகளையே எடுத்து, தம் சொல்லைச் சேர்க்காமல் வரி பிரித்துக் கவிதையாக்கினார். பதிவேட்டின் மொழியே சாட்சியாகட்டும் என்ற அவரது துணிவுக்கு அகிலனின் இலக்கங்கள் அண்மையிலுள்ளன. வேறுபாடு என்னவெனில், ரெஸ்னிகோஃபுக்கு வழக்குகள் நடந்து முடிந்த பின்னான பதிவு கிடைத்தது. 2011இல் அகிலனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லத்தக்கதும் உண்டு. மனிதரை எண்ணாக்கியது பதிவேடு. அதே எண்ணைக் கவிதைக்குத் தலைப்பாக இடுவது அந்தச் செயலை மீண்டும் செய்வதாகாதா என்ற கேள்வி எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. பின்வருவோர் இதனைப் பாணியாக எடுத்துக்கொண்டால் இந்த ஆபத்து இன்னும் பெருகும்; வெற்றிடம் மலிவான பொருள், எவரும் எவ்வளவும் பயன்படுத்தலாம். அகிலன் இதிலிருந்து தப்புவது தொகுதிக்கு அவர் இட்ட பெயரால்தான். இலக்கத்தைச் சரமகவி என்று அழைத்தவுடன், பெயர், திதி, சுற்றம் ஆகியவற்றை இறந்தவருக்குத் தரும் கடப்பாட்டை அந்தக் கவிதை ஏற்றுக்கொள்கிறது. அதை நிறைவேற்ற முடியாமையே அதன் பொருளாகிறது. தலைப்பை நீக்கிவிட்டு உள்ளே இருப்பவற்றை மட்டும் வாசித்தால் பாதி வலிமை போய்விடும்.

பழைய வடிவத்தின் பெயரை எடுத்துப் புதிய உள்ளீட்டைத் தருவதில் அகிலன் தனித்தவரல்லர். ஓவியரும் கவிஞருமான நிலாந்தன், தலங்களின் பெருமை பாடும் மான்மியம், புராணம் ஆகிய பெயர்களை எடுத்து ‘வன்னி மான்மியம்’, ‘யுகபுராணம்’ என இடம்பெயர்ந்த மக்களின் கதையை எழுதினார். மஹாகவியின் மகனான சேரனின் தொகுதி ‘காடாற்று’ வெளிவந்ததும் அதே 2011இல். சிதையைக் குளிர்வித்து எலும்பு பொறுக்கும் சடங்கின் பெயர் அது. ஓராண்டுக்குள் இரண்டு தொகுதிகள் இறுதிச் சடங்கிலிருந்து தலைப்புப் பெற்றமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நிலத்தில் செய்ய முடியாத கிரியை தாளில் செய்யப்பட்டது. அகிலனின் கவிதைகள் கீதா சுகுமாரனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2018இல் கனடாவில் வெளிவந்தபோது, சரமகவியின் பழைய வடிவத்தை அறியாத வாசகரையும் அவை அடைந்தன.

அரசும் தன் பங்குக்கு ஒரு படிவத்தை ஆக்கியது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவுசெய்து அத்தாட்சிப் பத்திரம் பெற வழிவகுத்தது. இறந்ததை ஒப்புக்கொள்ள மறுத்த குடும்பங்கள் பல அதனை ஏற்காமையால், 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஏற்படுத்தப்பட்டது. வினைமுற்றைத் தள்ளிவைக்கும் அந்தச் சான்றிதழின் இலக்கணமும் எச்சத்தின் இலக்கணமே. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அவர்கள் ஏந்திய படங்களின் கீழ் பெயரும் ஊரும் இருந்தன. மறைவு என்ற தலைப்பு இல்லை. திதி தெரியாதவர்க்குச் சிலர் அமாவாசையில் விரதமிருக்கின்றனர். தந்தையர்க்கு ஆடி அமாவாசையும் தாயர்க்குச் சித்திரா பௌர்ணமியும் வழமைபோலத் தொடர்கின்றன.

மீள்குடியேற்றத்துக்குப் பின் கல்வெட்டும் வன்னிக்குத் திரும்பியது. கணினியில் வண்ணப்படத்தோடு அச்சிடப்படும் இன்றைய நினைவு மலர்களில் விருத்தங்கள் குறைந்து உரைநடை கூடியிருக்கிறது. பிறப்பிட, வதிவிட வாய்பாடும் திதி வெண்பாவும் மட்டும் பெரும்பாலும் அப்படியே உள்ளன. ஆனால் முரசுமோட்டை போன்ற ஊர்களில் பல தலைமுறைகளாகப் பெட்டகங்களில் இருந்த பழைய கல்வெட்டுகளுள் பெரும்பகுதி இடப்பெயர்வுகளில் அழிந்தது. குடியேற்றத்தின் தொடக்க வரலாறும், குடும்பங்கள் வந்த வழியும், ஊர்ப்புலவர்களின் பெயர்களும் அத்தகைய சிறு நூல்களில்தான் இருந்தன. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் தனிப் பகுதியாகத் தொகுத்துவருகிறது. வன்னியிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் எவரிடமாவது, எந்த நாட்டிலாவது, பூச்சியரித்த கல்வெட்டொன்று எஞ்சியிருந்தால் அதனை அங்கு சேர்ப்பித்தல் வேண்டும். முன்பக்கம் கிழிந்து பெயர் தெரியாமற் போயிருந்தாலும் சேர்ப்பிக்கலாம், உள்ளே திதி வெண்பாவில் பெயர் இருக்கும்.